ஒரு பாத்திரம், ஒரு துணிப்பை: வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் மெல்பர்னில் வசிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு வெந்நீருக்கு ஒன்று, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊற ஒன்று, கொதிக்க ஒன்று என மூன்று பாத்திரங்களை வைத்துக்கொண்டு தானியத்திலிருந்தே பீர் காய்ச்சிவந்தேன். விடுமுறை நாள் முழுவதும் அதிலேயே போய்விடும் என்பதால், பிள்ளைகள் பிறந்த பிறகு விட்டுவிட்டேன். மீண்டும் தொடங்க ஆசையாக இருக்கிறது. டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்துச் செய்ய மனம் வரவில்லை. தானியத்தைத் துணிப்பையில் போட்டு ஒரே பாத்திரத்தில் முடிக்கும் முறையில் தரம் குறையுமா?

பதில்: குறையாது. 2000-களின் நடுப்பகுதியில் இந்த முறை வேரூன்றியதே தாங்கள் வசிக்கும் ஆஸ்திரேலியாவில்தான். அங்கிருந்துதான் பிற நாடுகளுக்குப் பரவியது.

பழைய முறையில் நேரத்தைத் தின்றது எது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ தானியத்துக்கு இரண்டரை அல்லது மூன்று லிட்டர் நீர் விட்டுக் கெட்டியாக ஊறவைத்து, பிறகு ஏறத்தாழ 76 டிகிரி வெந்நீரை மேலிருந்து சிறிது சிறிதாக ஊற்றி, சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுப்போம். தானியப் படுகை அடைத்துக்கொண்டு சாறு இறங்காமல் நிற்பதும் அந்தக் கட்டத்தில்தான். துணிப்பை முறையில் கழுவுதலே கிடையாது. தேவையான நீர் முழுவதையும் முதலிலேயே ஊற்றி, அதிலேயே தானியத்தை ஊறவைத்து, பையைத் தூக்கியதும் அதே பாத்திரத்தைக் கொதிக்கவிடலாம். கழுவாததால் சர்க்கரையில் ஒரு பங்கு சக்கையோடு போகும் என்பது உண்மைதான். அதற்கு ஈடாகப் பத்தில் ஒரு பங்கு தானியத்தைக் கூட்டிப் போட்டால் போதும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் இரண்டு முறைகளிலும் ஒன்றேயாதலால் சுவையில் குறை வர இடமில்லை.

முதல் முறை 10 லிட்டர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. 20 லிட்டர் பாத்திரம் ஒன்று, 2.3 கிலோ வெளிர் மால்ட், ஏறத்தாழ பதினைந்தரை லிட்டர் நீர் இருந்தால் சமையலறை அடுப்பிலேயே செய்துவிடலாம். பைக்கு மெல்லிய பாலியஸ்டர் வாயில் (voile) துணி ஏற்றது. பாத்திரத்தின் உட்புறம் முழுவதையும் தழுவி, விளிம்பில் மடித்துக் கட்டும் அளவுக்குப் பெரிதாகத் தைக்க வேண்டும், ஏனெனில் சிறிய பையில் தானியம் இறுகிக் கட்டிதட்டிவிடும். நீர் 69 டிகிரியைத் தொட்டதும் அடுப்பை அணைத்து, தானியத்தைத் தூவிக் கட்டியில்லாமல் கிளறினால், சூடு 66 டிகிரி அருகில் வந்து நிற்கும். பாத்திரத்தை மூடிக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இடையில் ஓரிரு டிகிரி இறங்கினால் பாதகமில்லை. சூடேற்றியே ஆக வேண்டுமென்றால் பைக்கு அடியில் துளையிட்ட தட்டு ஒன்றைப் போடாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், துணி அடிபிடித்துக் கருகிவிடும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தானியத்தை உடைக்கும் பதம் பற்றி. பழைய முறையில் உமியே வடிகட்டியாக இருந்ததால் அதைச் சிதைக்க அஞ்சினோம். இங்கே வடிகட்டுவது துணி என்பதால் இன்னும் நைசாக உடைக்கலாம், உடைக்கவும் வேண்டும். உடைத்த மால்ட்டில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள்: உமி பிளந்து, உள்ளிருக்கும் வெண்மை ரவையாகவும் ஓரளவு மாவாகவும் உதிர்ந்திருக்க வேண்டும், முழு மணிகள் ஒன்றிரண்டுக்கு மேல் தென்பட்டால் கடையில் இன்னொரு முறை உடைக்கச் சொல்லுங்கள். சாறு நீர்த்துப்போய்விட்டது என்று இந்த முறையைக் குறை சொல்கிறவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. ஐயமிருந்தால், ஒரு மணி நேரம் கழித்துச் சக்கை இல்லாத ஒரு துளிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு, அதன்மேல் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் காத்திருக்கலாம்.

அதன்பின் உள்ளவை தாங்கள் அறிந்தவையே. மூடியில்லாமல் ஒரு மணி நேரக் கொதி, கசப்புக்குத் தொடக்கத்தில் ஹாப்ஸ் (ஒரு கொடியின் உலர்ந்த பூ), மணத்துக்கு இறுதியில் ஹாப்ஸ், ஆறியதும் ஈஸ்ட், 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் புட்டி வெடிக்கும். புட்டிக்குள் வாயு உண்டாக லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை போதுமானது.

பரணில் கிடக்கும் பழைய சாமான்களில் ரப்பர் குழாய்களையும், உட்புறம் கீறல் விழுந்த பிளாஸ்டிக் நொதிகலத்தையும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், கீறலுக்குள் கிருமி தங்கினால் எந்தத் திரவமும் அதை எட்டாது. பழைய மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். எல்லாவற்றையும் தானே செய்யும் மின்சாரக் கலங்களைக் கடைக்காரர் காட்டுவார். அவை நல்ல சாதனங்களே, ஆனாலும் இரண்டு மூன்று முறை காய்ச்சிப் பார்க்கும் வரை பணத்தை அதில் முடக்க வேண்டாம்.

கேள்வி: பையைத் தூக்கிய பிறகு பிழியக் கூடாது, பிழிந்தால் துவர்ப்பு இறங்கிவிடும் என்கிறார்களே?

பதில்: பிழியலாம். உமியிலிருந்து துவர்ப்பை இழுப்பது மிகையான சூடும் காரத்தன்மையுமே. கை அழுத்தம் அல்ல. பழைய முறையில் அளவுக்கு மீறிக் கழுவும்போது நீரின் அமிலத்தன்மை குறைந்து துவர்ப்பு இறங்கியதால், அந்த எச்சரிக்கை இங்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிழியாமல் வடியவிட்டாலும் பெரிய நட்டமில்லை. கையுறை இல்லாமல் மட்டும் பிழியாதீர்கள்.

கேள்வி: பெர்த் நகரில் இருக்கிறேன். கொதித்த சாற்றைக் குளிர்விக்கச் செம்புச் சுருள் வழியே இவ்வளவு நீரை ஓடவிட மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, வறட்சியை அறிந்த உங்கள் நாட்டவர் பரவலாகக் கைக்கொள்ளும் வழியே அது. கொதிச்சூடு தாங்கும், உணவுக்கு ஏற்ற தரமான பிளாஸ்டிக் கேனில் சாற்றைச் சூடாகவே நிரப்பி, காற்று இடைவெளி இல்லாதபடி அழுத்தி மூடி, எல்லாப் பக்கமும் சூடு படும்படி புரட்டிவிட்டு, இரவு முழுவதும் தானாக ஆறவிடுவார்கள். அந்தச் சூடே கேனின் உட்புறத்தைத் தூய்மைப்படுத்திவிடும். மறுநாள் சாற்றை நொதிகலத்துக்கு மாற்றி ஈஸ்ட் இடலாம்; நாள் கணக்கில் தள்ளிப்போடாமலிருப்பது நல்லது. சாறு நெடுநேரம் சூடாகவே இருப்பதால் இறுதியில் இட்ட ஹாப்ஸும் கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். கொதியின் கடைசிக் கால் மணி நேரத்தில் இட வேண்டியதை அடுப்பை அணைத்த பிறகு இட்டால் கணக்குச் சரியாகும்.

கேள்வி: கள்ளுக்கு இத்தனை பாடு இல்லையே? மதுரையில் வீட்டில் பீர் செய்து பார்க்கலாமா?

பதில்: பனை, தென்னை மரச் சாற்றில் சர்க்கரை இயல்பாகவே கரைந்திருப்பதால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டே அதைப் புளிக்கவைத்துவிடுகிறது, பார்லியில் இருப்பது மாவுச்சத்து என்பதால் முளைகட்டி, உலர்த்தி, ஊறவைத்து அதைச் சர்க்கரையாக்கிய பிறகே ஈஸ்ட்டுக்கு வேலை வரும். இரண்டாவது கேள்விக்கு விடை, கூடாது என்பதே. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மதுவகை எதையும் தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். சொந்தக் குடிக்கு என்றாலும் விலக்கில்லை. பெர்த், மெல்பர்ன் வாசகர்களுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் பீரைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்குவது அங்கும் உரிமமின்றிச் செய்யக் கூடாதது.