சிறந்த சிட்காம் எது? கும்பகோணத்திலிருந்து ஃப்ரேசியருக்கு ஒரு வாக்கு

கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வெளிவந்த தொலைக்காட்சி சிட்காம்களில் (ஒரே பாத்திரங்களைச் சுற்றி நடக்கும் நகைச்சுவைத் தொடர்களில்) மிகச் சிறந்தது எது, சைன்ஃபெல்டா, ஃப்ரெண்ட்ஸா, தி ஆபீஸா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே தகுதியானவைதாம். ஆனாலும் என் வாக்கு நான்காவதாக ஒரு தொடருக்கு. அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் 1993 முதல் 2004 வரை 11 சீசன்களாக, 264 எபிசோடுகளாக ஒளிபரப்பான ஃப்ரேசியர்தான் அது. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு என்பதால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விவாதம் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஃப்ரெண்ட்ஸ் கட்சி. தம்பி மகன் தி ஆபீஸ் கட்சி. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற என் சின்ன மாமனார், எண்பதுகளுக்குப் பிறகு யாரும் சிரிக்கும்படி எழுதியதே இல்லை என்று அடித்துச் சொல்பவர். எங்களில் யாருக்கும் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகள் தெரியாது. நியூயார்க்கின் எந்தத் தெருவில் எப்படிப்பட்டவர்கள் குடியிருப்பார்கள் என்பதும் தெரியாது. ஆகவே நான் ஓர் எளிய அளவுகோலை வைத்திருக்கிறேன். அந்த நாட்டுச் செய்திகளையும் அன்றைய அரசியல் கிண்டல்களையும் கழித்துவிட்டு, காவிரிக் கரையில் உட்கார்ந்து சப்டைட்டில் படித்துக்கொண்டு பார்க்கிற ஒருவருக்கும் எந்தத் தொடரில் சிரிப்பு மிஞ்சுகிறதோ, அதுவே உறுதியாகக் கட்டப்பட்ட தொடர். இது நியாயமான அளவுகோல் அல்ல, எந்தத் தொடரும் அந்தந்த ஊர்க்காரருக்காகத்தான் எழுதப்படுகிறது என்று என் மகள் மறுப்பாள். மறுக்கட்டும்.

முதலில் சைன்ஃபெல்ட். 1989 முதல் 1998 வரை வந்த இத்தொடரை ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிடும் உருவாக்கினார்கள். யாரும் யாரையும் கட்டிக்கொண்டு உருகக் கூடாது, யாரும் பாடம் கற்றுத் திருந்தவும் கூடாது என்பது அவர்களுடைய எழுத்து அறையின் விதி. 1991இல் வந்த ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ எபிசோடில் மூன்று பேர் ஓர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள். பொறுமை இழந்து வெளியேறுகிறார்கள். அவர்கள் போன மறுகணம் அவர்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். முகூர்த்த நாளில் இந்த ஊர் மெஸ் ஒன்றில், சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தவர் எவருக்கும் இந்த எபிசோடுக்கு விளக்கவுரை தேவைப்படாது. அதேபோல் 1994இல் வந்த ‘தி மரைன் பயாலஜிஸ்ட்’ எபிசோடில், தொடரின் நான்கு நண்பர்களில் ஒருவனான ஜார்ஜ், தன்னைக் கடல் உயிரியலாளன் என்று நண்பன் ஜெர்ரி ஒரு பெண்ணிடம் சொன்ன பொய்யை அவளைக் கவர்வதற்காகத் தொடரப் போய், கரை ஒதுங்கிய திமிங்கலத்தைக் காப்பாற்ற நேர்கிறது. அதன் மூச்சுத் துளையை அடைத்திருந்தது, வேறொரு கிளைக்கதையில் இன்னொரு நண்பன் கிரேமர் கடலை நோக்கி அடித்த கோல்ஃப் பந்து. கதைப் பின்னலுக்கு மட்டும் போட்டி வைத்தால் மாலையை இவர்களுக்கே போட்டுவிடுவேன். என் குறை வேறு. அந்த நால்வரில் எவருக்கு என்ன நேர்ந்தாலும் நமக்குப் பதைப்பு வருவதில்லை. வரக் கூடாது என்றுதான் அப்படி எழுதினார்கள். அந்த நோக்கத்தில் முழு வெற்றியும் பெற்றார்கள். எனக்கு அது போதவில்லை, அவ்வளவே.

ஃப்ரெண்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1994 முதல் 2004 வரை 236 எபிசோடுகள். இறுதி எபிசோடை அமெரிக்காவில் மட்டும் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கடைசி இரண்டு சீசன்களில் ஆறு நடிகர்களும் எபிசோடு ஒன்றுக்குத் தலா பத்து லட்சம் டாலர் வாங்கினார்கள். பாதி வழியைத் தாண்டியதும் ஜோயி என்றால் சாப்பாடு, மோனிகா என்றால் சுத்தம் என்று ஒவ்வொருவரும் ஒரே குணமாகச் சுருங்கிப் போனதாக எனக்குப் படுகிறது. “அப்பா, உங்களுக்குச் சிரிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரை விடச் சீக்கிரம் புரிந்துகொண்டோம் என்று இருக்க வேண்டும்” என்கிறாள் மகள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

தி ஆபீஸ் இரண்டு உண்டு. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி இயக்கிய பிரிட்டிஷ் மூலம் 2001 முதல் 2003 வரை 14 எபிசோடுகளோடு முடிந்துபோனது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரத்துக் காகித நிறுவனக் கிளையில் நடக்கும் அமெரிக்க வடிவம் 2005 முதல் 2013 வரை 201 எபிசோடுகள் ஓடியது. பார்வையாளர் சிரிப்பொலியை அடியோடு நீக்கி, அந்த இடத்தில் ஒரு மௌனத்தையும், கேமராவை நோக்கித் திரும்பும் ஒரு பார்வையையும் வைத்தது இவர்களுடைய சாதனை. வங்கிக் கிளையில் பணிபுரியும் என் தம்பி மகனோ, அமெரிக்க வடிவத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த அசட்டு மேலாளர் மைக்கேல் ஸ்காட் இல்லாத கிளையே இந்தியாவில் இல்லை என்று சத்தியம் செய்கிறான். இருக்கலாம், ஆனால் கரெல் விலகிய 2011இலேயே தொடரையும் நிறுத்தியிருந்தால் அவன் வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

சின்ன மாமனாரின் வேட்பாளர் யெஸ் மினிஸ்டர். 1980இல் பி.பி.சி.யில் தொடங்கி, யெஸ் பிரைம் மினிஸ்டராக 1988 வரை நீண்ட அத்தொடரில், அமைச்சர் எந்தச் சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தாலும், நிர்வாகச் செயலர் சர் ஹம்ஃப்ரி அதை எதிர்ப்பதே இல்லை. முழு மனதோடு வரவேற்று ஒரு குழுவிடம் ஒப்படைத்துவிடுவார், அத்தோடு அது முடிந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய தூர்வாரும் வேலை, தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற நேரத்தில் தொடங்குவதைக் கண்ட கடைமடை விவசாயி ஒருவருக்கு சர் ஹம்ஃப்ரியை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. இந்தியில் இதைத் தழுவி 2001இல் ஃபாரூக் ஷேக் நடிக்க ‘ஜீ மந்த்ரிஜி’ வந்ததும் இந்தப் பொருத்தத்தால்தான். நீங்கள் வகுத்த காலவரம்புக்குள் இது பாதிதான் வருகிறது என்ற ஒரே காரணத்தால் ஒதுக்குகிறேன். மாமனார் இதைப் படித்தால் அடுத்த முறை வீட்டுக்கு வரமாட்டார்.

இனி ஃப்ரேசியர். 1984 முதல் சியர்ஸ் என்ற பழைய தொடரில் துணைப் பாத்திரமாக இருந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர் கிரேன், விவாகரத்துக்குப் பின் தன் சொந்த ஊரான சியாட்டிலுக்குத் திரும்பி, வானொலியில் நேயர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிகழ்ச்சியை நடத்துகிறார். குண்டடிபட்டு இடுப்பு பாதிக்கப்பட்ட அவருடைய தந்தை மார்ட்டின், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், தன் நாயோடும், கிழிந்த இடங்களில் டேப் ஒட்டிய பழைய சாய்வு நாற்காலியோடும் மகனின் பளபளப்பான அடுக்ககத்தில் குடியேறுகிறார். தந்தையைப் பார்த்துக்கொள்ள டாஃப்னி என்ற பிசியோதெரபிஸ்ட் வருகிறார். தம்பி நைல்ஸ், அவரும் மனநல மருத்துவர், திருமணமானவர், டாஃப்னியைப் பார்த்த நாளிலிருந்து மனத்தைப் பறிகொடுத்துவிட்டுச் சொல்ல முடியாமல் ஏழு சீசன்கள் தவிக்கிறார். ஊரார் சிக்கலையெல்லாம் நிமிடத்தில் தீர்க்கிற மகனால் தன் தந்தையோடு ஒரு மாலைப்பொழுதைச் சண்டையில்லாமல் கழிக்க முடியவில்லை என்பதுதான் தொடரின் அடித்தளம்.

அண்ணன், தம்பி இருவருக்கும் ஆப்பெரா, பழம்பெரும் ஒயின், நுரையின் அளவு வரை சொல்லி வாங்கும் காபி. இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ஆராதனை நாட்களில் திருவையாற்றுப் பந்தலுக்கு வெளியே நின்று பேச்சைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். பாடியவரின் காம்போதியில் ஒரு பிடி சரியாக விழவில்லை என்று முகம் சுளிக்கும் அண்ணன். அதே பிடியை அந்தக் காலத்து வித்வான் ஒருவர் எப்படிக் கையாண்டார் என்று அதற்கும் ஒருபடி மேலே போகும் தம்பி. கச்சேரி எத்தனை மணிக்கு முடியும், கடைசி பஸ் போய்விடுமே என்று கவலைப்படும் அப்பா. டிகிரி காபியில் டிகாக்‌ஷன் இரண்டாவதா என்று மூக்காலேயே கண்டுபிடிக்கிறவர்கள் நிறைந்த ஊரில் கிரேன் சகோதரர்கள் அந்நியர்களாகத் தோன்ற வழியில்லை.

ஆனால் இந்த மேட்டிமையைக் கேலி செய்வதோடு தொடர் நின்றிருந்தால் நான் இத்தனை தூரம் எழுத மாட்டேன். மகன்கள் கேலிக்குரியவர்கள், எளிய தந்தையே உத்தமர் என்ற சுலபமான தீர்ப்பை எழுத்தாளர்கள் எங்குமே வழங்கவில்லை. தந்தையும் பிடிவாதக்காரர்தான், புண்படப் பேசுகிறவர்தான். 1994இல் வந்த ‘கிவ் ஹிம் த சேர்’ எபிசோடில், அந்த அவலட்சணமான நாற்காலியை ஃப்ரேசியர் வீட்டைவிட்டு அகற்றி, விலையுயர்ந்த புதியது ஒன்றை வாங்கிப் போடுகிறார். அப்போதுதான் தந்தை சொல்கிறார்: நிலவில் மனிதன் இறங்கியதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தேன், பேரன் பிறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோதும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். நெல் விற்ற பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒரு தலைமுறை, பிறகு அந்தப் பிள்ளைகளின் சென்னை அடுக்ககத்தில் தன் ஈசிச்சேரை எங்கே போடுவது என்று தெரியாமல் விழிப்பது டெல்டா மாவட்டங்களில் தெருவுக்கு நான்கு வீட்டில் நடப்பது. அந்த எபிசோடின் பிற்பகுதி, நாற்காலி கைமாறி ஒரு பள்ளி நாடகத்தின் மேடைப் பொருளாகிவிட, அதை மீட்க மகன் படும் பாடு. உருக்கத்தில் ஒரு நிமிடம் கூடுதலாகத் தங்காமல் உடனே சிரிப்புக்குத் திரும்பிவிடும் அந்த அடக்கத்தை வேறு எந்தத் தொடரிலும் நான் இவ்வளவு சீராகப் பார்த்ததில்லை.

அடுத்தது ஆள்மாறாட்டக் குழப்பம். சபா நாடகங்களை நேரில் பார்த்தோ ஒலிநாடாவில் கேட்டோ வளர்ந்தவர்களுக்கு இது பழகிய பண்டம். ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகப் புரிந்துகொள்வது, ஒரு கதவு வழியே ஒருவர் நுழையும்போது இன்னொரு கதவு வழியே மற்றவர் நழுவுவது, ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்வது ஆகிய இந்தக் கலையில் 2019இல் மறைந்த கிரேஸி மோகன் நம் மேடையின் மன்னர். அவர் நாடகங்களை ரசித்தவர்கள் ஜோ கீனன் எழுதி 1998இல் வந்த ‘தி ஸ்கீ லாட்ஜ்’ எபிசோடை அவசியம் பார்க்க வேண்டும். ஒரு பனிமலை விடுதி, ஓர் இரவு, தங்கியிருக்கும் ஒவ்வொருவரும் மற்றொருவர்மீது ஆசை வைத்திருக்கிறார்கள், அந்த மற்றொருவரின் கண் வேறொருவர்மீது. காது அடைத்துக்கொண்ட தந்தை, கேட்டதைத் தப்பும் தவறுமாக எடுத்துக்கொண்டு எல்லாரையும் தவறான அறைக்கு அனுப்பிவைக்கிறார். இறுதியில் எல்லா முடிச்சும் அவிழ்ந்த பிறகுதான், அந்த விடுதியில் தன்னை மட்டும் யாருமே விரும்பவில்லை என்பது ஃப்ரேசியருக்கு உறைக்கிறது.

மொழியே வேண்டாம் என்கிறவர்களுக்கு 1999இல் வந்த ‘த்ரீ வேலன்டைன்ஸ்’ எபிசோடின் முதற்பகுதி. விருந்துக்காகக் காத்திருக்கும் நைல்ஸ், கால்சட்டையில் ஒரு சின்னச் சுருக்கத்தைக் கண்டு அதை இஸ்திரி போடத் தொடங்குவதில் ஆரம்பித்து, விரலை வெட்டிக்கொண்டு, ரத்தத்தைப் பார்த்து மயங்கி, சோபாவுக்குத் தீ வைப்பதுவரை, நைல்ஸாக வரும் டேவிட் ஹைட் பியர்ஸ் வசனமே இல்லாமல் நடிக்கிறார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத என் அம்மா, கையிலிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த காட்சி இது. என் அளவுகோலுக்கு இதைவிடப் பெரிய சான்று நான் தேடவில்லை.

பின்னணிச் சிரிப்பொலி வருகிற தொடர் எதுவும் பழைய பாணி என்று இன்றைய இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். ஃப்ரேசியர் அரங்கில் அமர்ந்த பார்வையாளர்கள் முன்னிலையில், பல கேமராக்களை வைத்துப் படமாக்கப்பட்ட தொடர். 1951இல் ஐ லவ் லூசி என்ற அமெரிக்கத் தொடர் நிலைநாட்டிய முறை அது. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தைத் தொடுக்கும் நடிகரின் நிதானத்தை, மேடையறிந்த ஊர்க்காரர்களாகிய நாமாவது மதிக்க வேண்டாமா?

குறைகளும் உண்டு. 2000இல் ஏழாவது சீசனின் முடிவில் நைல்ஸும் டாஃப்னியும் ஒன்றுசேர்ந்ததும் தொடரின் உயிர்நரம்பு தளர்ந்துவிட்டது. தவிப்பு தீர்ந்தபின் எழுத்தாளர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானத்தில், தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவரான டேவிட் ஏஞ்சல் இறந்துபோனார். தந்தையாக நடித்த ஜான் மஹோனி 2018இல் மறைந்த பின், நைல்ஸும் இல்லாமல் 2023இல் வந்த புதுப்பதிப்பு இரண்டு சீசன்களோடு நின்றது, அதில் வியப்பில்லை. 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதை இது வென்றதை நான் வாதமாக வைக்கப்போவதில்லை. மாடர்ன் ஃபேமிலி என்ற தொடரும் 2010 முதல் 2014 வரை அதையே செய்தது, அதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

தமிழில் இப்படி ஒன்று இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடியில் பிறந்த கே.பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர் என்ற சின்னக் கருவிலிருந்து எத்தனை கதைகள் பிறக்கும் என்று காட்டியது. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில், முத்துப்பேட்டையைப் பெயரின் முதலெழுத்தாகச் சுமக்கும் எம்.எஸ்.பாஸ்கர், காது மந்தமான பட்டாபியாகச் செய்த அட்டகாசத்தை ஸ்கீ லாட்ஜ் தந்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாஸ்கர் ஒரு மாற்றுக் குறையமாட்டார். வாரம் ஒரு அரை மணி நேரத்துக்கு எழுதித் திருத்த அவகாசம் கிடைத்தவரை நம்மவர்களும் நன்றாகத்தான் செய்தார்கள். மாலை நேரம் முழுவதையும் தினத்தொடர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அந்த அவகாசம் போய்விட்டது.

ஃப்ரேசியரைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் சீசனை வரிசையாகவே பாருங்கள். நாற்காலி எபிசோடு அதில்தான் வருகிறது. மனம் ஒட்டவில்லை என்றால் நேராக ‘தி ஸ்கீ லாட்ஜ்’ உள்ள ஐந்தாவது சீசனுக்குப் போய்விட்டுத் திரும்பலாம். எட்டாவது சீசனுக்குப் பிந்தையவற்றுக்கு அவசரமில்லை.