அறிவொளிக் காலத் தத்துவவாதிகள் உடல் மாறுபாட்டோடு பிறந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள்?

எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. எனக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் மோபெர்த்துயி.

ரெட்டைத்தலைக் குழந்தையோ ஆறு விரல் கையோ, அன்றைய ஐரோப்பாவில் எல்லாமே 'மான்ஸ்டர்'தான். உயிர்களெல்லாம் படைப்பின்போதே குட்டி உருவங்களாகக் கருவுக்குள் வைக்கப்பட்டவை என்று பலர் நம்பினார்கள். அப்படியானால் மாறுபட்ட உருவத்தையும் கடவுளே வைத்தாரா, இல்லை கருப்பையில் நேர்ந்த விபத்தா? பாரிஸ் அறிவியல் அகாதெமியில் லெமெரி, வின்ஸ்லோ என்ற இரண்டு மருத்துவர்கள் பல வருடம் இதற்காக மோதினார்கள். சாதாரண ஜனங்களிடம் இன்னும் எளிய பதில் இருந்தது: கர்ப்பத்தில் தாய் எதையோ பார்த்துப் பயந்திருப்பாள்.

பெர்லின் அகாதெமியின் தலைவராக இருந்த மோபெர்த்துயி, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு விசாரித்தார். யாக்கோப் ரூஹே என்ற அறுவை மருத்துவருக்கு இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் ஆறாறு விரல்கள். அவர் அம்மாவுக்கும் பாட்டிக்கும்கூட ஆறாம் விரல் இருந்தது. அந்த அம்மா பெற்ற எட்டுப் பிள்ளைகளில் நான்கு பேருக்கு அது வந்தது. அப்புறம் யாக்கோபின் ஆறு பிள்ளைகளில் இரண்டு மகன்களுக்கு. அதாவது தாய் வழியாகவும் வருகிறது, தந்தை வழியாகவும் வருகிறது. முன்பே வைக்கப்பட்ட குட்டி உருவம் தாய், தந்தை இருவரில் ஒருவரிடம் மட்டுமே இருந்திருந்தால் இது நடக்காது.

தற்செயல் என்பவர்களுக்காகக் கணக்கும் போட்டார். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஆறு விரல் உள்ள இருவரைப் பார்த்தார். கண்ணில் படாதவர்கள் மூவர் என்று வைத்தாலும் 20,000 பேருக்கு ஒருவர். அடுத்தடுத்து மூன்று தலைமுறையில் தற்செயலாக வர, 8 லட்சம் கோடியில் ஒரு வாய்ப்பு. 1752-இல் அவர் வெளியிட்ட கடிதங்களில் இது இருக்கிறது.

ரூஹேயின் மகன் ஒருவனுக்கு வலது கையின் ஆறாம் விரலை வெட்டிவிட்டார்கள். இடது கையில் அந்த இடத்தில் வெறும் மரு என்று மோபெர்த்துயி எழுதுகிறார். என் இடது சுண்டுவிரல் ஓரத்திலும் மிளகளவு மேடு உண்டு. பிறந்தபோது இருந்த ஆறாம் விரலை நூல் கட்டி உதிர வைத்தார்கள். கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள், அம்மாவும் தலையைக் குனிந்துகொள்வார்.

அதைப் படித்த இரவே அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா வழியில் யாருக்காவது ஆறு விரல் இருந்ததா என்று கேட்டேன். அப்பாவின் சித்தப்பாவுக்கு இருந்ததாம். இத்தனை வருடத்தில் அதை யாரும் அம்மாவிடம் கேட்டதே இல்லையாம்.