சர்வர் ஓடுகிறது, கண்காணிப்புக் கருவி மட்டும் ‘டவுன்’ என்கிறதே?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: வாடகைச் சர்வர் ஒன்றில் மைன்கிராஃப்ட் நடத்துகிறேன், வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து விளையாடுவார்கள். டிடாஸ் தாக்குதலுக்கு (பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் இணைப்புகளைக் குவித்துச் சர்வரை முடக்குவது) பயந்து ஒரு பாதுகாப்புச் சேவையையும் சர்வரில் பொருத்தும் அதன் துணை நிரலான ப்ளக்இன்னையும் சேர்த்தேன். அன்றிலிருந்து கண்காணிப்புக் கருவி ‘டவுன்’ என்று டெலிகிராமில் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விளையாடுகிறவர்களுக்கு ஒரு தடங்கலும் இல்லை. ப்ளக்இன்னை எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம். அது தன் வேலையைச் செய்வதால்தான் கருவி கூச்சலிடுகிறது. இத்தகைய சேவையில் விளையாடுபவரின் இணைப்பு முதலில் சேவையின் முகப்புச் சர்வருக்குப் போய், வடிகட்டப்பட்ட பிறகே உங்கள் இயந்திரத்துக்கு வருகிறது. முகப்பின் ஐபி முகவரிகளிலிருந்து வராத எதையும் ப்ளக்இன் துண்டித்துவிடுகிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் கருவிக்குக் கொடுத்திருப்பதோ சர்வரின் நேரடி ஐபியும், மைன்கிராஃப்ட் இணைப்புகள் வரும் வாசல் எண்ணான 25565 போர்ட்டும்தான்.

ஊகத்தோடு நிற்காமல், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலைச் சர்வரில் ஓடவிட்டு அந்தப் போர்ட்டைக் கவனியுங்கள். கருவி 60 வினாடிக்கு ஒருமுறை சோதிப்பதாக இருந்தால், அதே இடைவெளியில் ஓர் இணைப்பு அமைந்து உடனே சர்வர் பக்கத்திலிருந்து மூடப்படுவது தெரியும். இணைப்பே அமையாமல் இணைப்பைத் தொடங்கக் கேட்கும் ‘சின்’ பாக்கெட்டுகள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ப்ளக்இன்மீது பழி இல்லை, ஃபயர்வால்தான் தடுக்கிறது.

கருவியில் ஐபியை நீக்கிவிட்டு, பிள்ளைகள் தட்டும் அதே டொமைன் பெயரைக் கொடுங்கள். மைன்கிராஃப்ட்டின் முதல் பாக்கெட்டிலேயே எந்தப் பெயரைத் தேடி வந்தோம் என்பது எழுதப்பட்டிருக்கும். எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்பதை முகப்பு அதை வைத்தே முடிவு செய்கிறது. சில கருவிகள் பெயரை ஐபியாக மாற்றி, அந்த எண்ணையே பாக்கெட்டிலும் எழுதிவிடும். அப்போது முகப்புக்கு வழி தெரியாது. ஒரு பெயருக்கு உரிய சர்வரையும் போர்ட்டையும் சொல்லும் எஸ்ஆர்வி பதிவைப் படிக்கத் தெரியாத கருவிகளும் உண்டு.

இத்தோடு விட்டால் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது: உங்கள் சர்வர் உண்மையிலேயே விழுந்தாலும் சில முகப்புகள் தாமே பதில் சொல்லிவிடும், கருவியும் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அதே இயந்திரத்துக்குள்ளிருந்து 127.0.0.1 முகவரியில் (இயந்திரம் தன்னையே குறிக்கும் எண்) இன்னொரு சோதனை தேவை. ப்ளக்இன்னின் விலக்குப் பட்டியலில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். உங்கள் விளையாட்டுச் சர்வருக்கு முன்னால் வெலாசிட்டி என்ற இடைநிலை மென்பொருள் இருந்து, அதில் ஹெச்ஏப்ராக்ஸி தலைப்பு (விளையாடுபவரின் உண்மையான ஐபியைச் சொல்லும் முன்குறிப்பு) கட்டாயமாக்கப்பட்டிருந்தால், விலக்கு அளித்தாலும் தலைப்பில்லாத இணைப்பு நிராகரிக்கப்படும். அப்போது பின்னால் இருந்து விளையாட்டை நடத்தும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளின் உள்போர்ட்டையே சோதியுங்கள். நிலை விசாரிப்புக்கு லாகின் வேண்டியதில்லை.

கருவி ‘க்வெரி’ முறையில் கேட்கிறதா என்றும் பாருங்கள். அது யுடிபி என்ற வேறு தகவல் பரிமாற்ற முறையில் நடப்பது. விளையாட்டு இணைப்பு பயன்படுத்தும் டிசிபி முறையை மட்டும் கடத்தும் முகப்பின் வழியாக அது ஒருபோதும் வந்து சேராது. விளையாடுவோர் எண்ணிக்கைக்காக தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிட உதவும் ஆர்கான் (RCON) வசதியின் 25575 போர்ட்டை வெளியே திறந்துவைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதில் கடவுச்சொல் மறையாக்கம் இன்றிப் போகிறது.

வீட்டுக் கணினியிலிருந்து நேரடி ஐபியைக் கண்காணிக்க எண்ணி அந்த வீட்டு ஐபிக்கு விலக்கு கொடுப்பதும் பயன்படாது. கரண்டு போய் வந்து ரூட்டர் மறுபடி எழும்போது அந்த எண் மாறியிருக்கலாம்; பட்டியலில் பழைய எண்ணே நிற்கும், டெலிகிராம் மறுபடி கத்தத் தொடங்கும்.