‘2.0’ பார்த்துவிட்டு வந்த வகுப்புக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பள்ளிக்கு எதிரிலேயே ஒரு செல்போன் டவர் இருக்கிறது. டிவியில் ‘2.0’ பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், “சிட்டுக்குருவியெல்லாம் டவராலதானே சார் செத்துச்சு?” என்று கேட்கிறார்கள். “விஞ்ஞானிங்க எல்லாம் கம்பெனிக்காரங்க பக்கம் சார்” என்றான் ஒரு பையன். உடனே மறுத்துவிடலாமா, அல்லது படத்தையே பாடமாக்கலாமா?

பதில்: படத்தையே பாடமாக்குங்கள். ‘அதெல்லாம் சினிமாடா’ என்று முடித்துவிட்டால், சாரும் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் அந்தப் பையன் நினைப்பான். செல்போன் அலையால் பறவைகள் சாகின்றன என்று படத்தில் போராடும் பறவை ஆய்வாளர் பட்சிராஜனுக்கு மறுப்புச் சொல்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள்தானே.

படத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் முன், ஆளுக்கொரு தாள் கொடுத்து ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லுங்கள். இது பழைய சோதனைதான். டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகள் வரைந்தார்கள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள். வழக்கமாக இந்தச் சோதனையில் ஆணா பெண்ணா, வெள்ளைக் கோட்டு உண்டா என்றுதான் எண்ணுவார்கள். நீங்கள் இன்னொன்றையும் பாருங்கள்: விஞ்ஞானி கூட வேறு யாராவது இருக்கிறார்களா? நாம் கேட்டதே ஒருவரைத்தான் என்பதால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சினிமாவோ யாரும் கேட்காமலேயே ஒருவரைத்தான் காட்டுகிறது.

1927-இல் வந்த ‘மெட்ரோபோலிஸ்’ முதல் அப்படித்தான். அதில் ராட்வாங் என்ற விஞ்ஞானி தனி ஆளாக ஒரு எந்திரப் பெண்ணை உருவாக்குகிறான். 2010-இல் நம் ‘எந்திரன்’ வசீகரன் தாடி வளர்த்து, காதலியைக்கூட மறந்து சிட்டியைச் செய்து முடிக்கிறார். கூட இருக்கும் உதவியாளர் இருவரும் காமெடிக்கு. பொறாமை பிடித்த பேராசிரியர் போரா வில்லன். வில்லன் விஞ்ஞானியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. சினிமாவில் வில்லன் இருப்பான் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். உண்மை தெரிந்த ஒரே மனிதர், ஊரே அவர் பேச்சைக் கேட்கவில்லை என்ற கதைதான் மனதில் ஆழமாக ஒட்டுகிறது. பறவையியலாளர் சலீம் அலியை நினைவுபடுத்தும் வெள்ளைத் தாடியோடு பட்சிராஜன் அழும்போது, ‘இவருக்கு இது எப்படித் தெரியும்?’ என்று கேட்க யாருக்கும் தோன்றாது. இன்னொரு பக்கம், ‘2.0’-இலும் வரும் அதே வசீகரன், உடலைச் சுற்றி இருக்கும் சக்தி, ‘ஆரா’ என்று விளக்கம் சொன்னால் அதுவும் அறிவியலாகிவிடுகிறது, சொல்கிறவர் விஞ்ஞானி என்பதால். எனக்கு இந்தப் படத்தில் உறுத்துவது பட்சிராஜனைவிட இதுதான்.

ஆகவே வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி, ‘டவர் குருவியைக் கொல்கிறதா?’ என்பதல்ல. ‘கொல்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அப்புறம் கரும்பலகையில் இந்த எண்களை எழுதுங்கள். லண்டன் கென்சிங்டன் பூங்காவில் எண்ணிய சிட்டுக்குருவிகள்: 1925-இல் 2,603. 1948-இல் 885. 1975-இல் 544. 2000-இல் வெறும் 8. பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985-இல்.

பேச விடுங்கள். முதலில் யாராவது, “செல்போன் வர்றதுக்கு முன்னாடியே குறைஞ்சிருச்சே!” என்பார்கள். சரிதான். குதிரை வண்டிகள் போனதும், சிந்திக் கிடந்த தானியமும் போனது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, “544 எப்படி சார் 8 ஆச்சு? அது செல்போன் காலம்தானே?” என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தச் சந்தேகத்தை இந்தப் பட்டியலை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அதே ஆண்டுகளில் பூச்சிகளும் குறைந்தன, கூடு கட்டும் பொந்துகளும் குறைந்தன. இரண்டு விஷயம் ஒரே காலத்தில் நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை எட்டாம் வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு நிலவரத்துக்கு, 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இருக்கிறது. ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த தகவல்களிலிருந்து உருவானது அது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்கிறது. காரணமாக இருக்கலாம் என்று பூச்சிக் குறைவையும் கூடு கட்ட இடமின்மையையும் சொல்கிறது. டவர் கதிர்வீச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது. ஓட்டு வீட்டு இடுக்கில் கூடு பார்த்த தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் பேசி வந்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

அதற்காக, மின்காந்த அலைக்கும் பறவைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் மௌரிட்சன் குழு, வலசை போகும் ராபின் பறவைகளை மரக் குடில்களுக்குள் வைத்துப் பார்த்தது. அவற்றுக்குத் திசை பிடிபடவில்லை. குடிலைச் சுற்றி அலுமினியத் தகடு போர்த்தி, அதற்கு எர்த் கொடுத்ததும் திசை தெரிந்துவிட்டது. தொடர்பைக் கழற்றினால் மறுபடி தடுமாற்றம். பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செய்து, 2014-இல்தான் முடிவை வெளியிட்டார்கள். குழப்பம் தந்தவை ஏ.எம். வானொலி அலைவரிசையை ஒட்டிய அலைகள். செல்போன் அலைகளின் அதிர்வெண் அதைவிட மிக அதிகம். பட்சிராஜனின் சந்தேகத்தை நிஜ விஞ்ஞானிகள் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பையனின் ‘கம்பெனிப் பக்கம்’ கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். சிகரெட் கம்பெனிகள் விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்துச் சந்தேகத்தைப் பரப்பியது நடந்த வரலாறு. 2018 நவம்பரில் ‘2.0’ வெளிவரும் முன்பு, படம் அறிவியலுக்கு மாறான கருத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது செல்போன் நிறுவனங்களின் சங்கம்தான். ஆகவே யார் சொல்கிறார்கள், அவர்களுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பது நல்ல பழக்கம். அதே கேள்வியைப் படம் எடுத்தவர்களிடமும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒரே வகுப்பில் முடிக்க வேண்டாம். பருவநிலைப் பேரழிவைக் காட்டிய ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ 2004-இல் வந்தபோது, பார்த்தவர்களிடம் பிரிட்டனில் ஒரு ஆய்வு நடந்தது. படம் முடிந்ததும் கவலை கூடியிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பேசியபோது அது நீடித்ததாகத் தெரியவில்லை. சினிமா மூட்டும் ஆர்வமும் அதுபோல வடிந்துவிடக் கூடியது. சூடு இருக்கும்போதே ஒரு வேலை கொடுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பள்ளியிலிருந்தே கலந்துகொள்ளலாம். டவர் பக்கமும் டவர் இல்லாத தெருவிலும், ஒரே நேரத்தில், பதினைந்து நிமிடம் எண்ணட்டும். இரண்டு தெருவிலும் மரம், ஓட்டு வீடு, மளிகைக் கடை எத்தனை என்றும் குறிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாமல் சண்டை வரும், வரட்டும்.

டவரைப் பற்றிய பயம் பெற்றோருக்கும் இருந்தால், அதற்குத் தனி வழி உண்டு. 2012 செப்டம்பர் முதல் இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு, அப்போதைய சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் உங்கள் டவர் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். நேரில் வந்து அளக்கச் சொல்லியும் விண்ணப்பிக்கலாம். 2017-இல் அந்தத் தளம் தொடங்கியபோது அதற்கு 4,000 ரூபாய் கட்டணம் வைத்திருந்தார்கள். இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுங்கள். அளக்க ஆள் வந்தால் எட்டாம் வகுப்பை வெளியே கூட்டிவந்து நிறுத்துங்கள். அந்தக் ‘கம்பெனிப் பக்கம்’ பையன் முன்வரிசையில் நிற்கட்டும்.