ரோபோ நடைப்பயிற்சிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. ஐந்து வாரத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் நிற்கிறார், நடக்க வரவில்லை. காலில் மாட்டி நடக்கவைக்கும் ரோபோ கருவியில் 40 முறை பயிற்சி தரலாம் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். மொத்தமாக இப்போதே கட்டினால் தள்ளுபடி போக ரூ.1.2 லட்சம். பெர்சனல் லோன் போடவா, அம்மா நகையை அடகு வைக்கவா? அப்பாவுக்கு 3 லட்சத்துக்கு மெடிக்ளைம் இருக்கிறது. நான் தனியார் வேலையில் இருக்கிறேன்.
- வாசகர், கோவை

பதில்: எந்தக் கடன் என்பது அப்புறம். 40 முறைக்கும் ஒரே தவணையில் கட்ட வேண்டாம்.

கருவி வீண் என்று சொல்லவில்லை. இயந்திர உதவியோடு தரும் நடைப்பயிற்சி பற்றிய ஆய்வுகளை அலசி, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பின்படி, வழக்கமான பிசியோதெரபியோடு இதையும் செய்தவர்கள் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. கூடுதல் பலன், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருக்கும், நடக்கவே முடியாதவர்களுக்கு. உங்கள் அப்பா அதில் வருகிறார். ஆகவே பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ரோபோவுக்குக் கட்டிவிட்டு தினசரி பிசியோவை நிறுத்தினால் கணக்கு உதைக்கும்.

முதலில் 10 முறைக்குக் கட்டுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். மையத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மறுவாழ்வு மருத்துவரிடம் நடையைக் காட்டி, அவர் சரி என்றால் அடுத்த 10. நடுவில் தோள்வலி, ரத்த அழுத்தம் என்று நின்றுபோனால் மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கருவியையே விலைக்கு வாங்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்படிப் பிரித்தால் கடனே தேவைப்படாமல் போகலாம். பிஎஃப் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரின் பக்கவாத சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம். வட்டியும் இல்லை, திருப்பிக் கட்டவும் வேண்டாம். அதுவும் போதாவிட்டால் வங்கியில் நகைக்கடன். பெர்சனல் லோன் வட்டி பொதுவாக அதைவிட அதிகம்.

அடுத்து மெடிக்ளைம். டிஸ்சார்ஜ் ஆனபின் ஆகும் செலவைப் பல பாலிசிகள் 60 நாள் வரை தருகின்றன. மருத்துவர் எழுதித் தந்த பிசியோதெரபி அதில் வருமா என்று இந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். பாலிசியில் ‘ரோபோட்டிக்’ என்று இருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். அது அறுவை சிகிச்சைக்கு. வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபி, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அப்பா பெயரில் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியோ (கடும் நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தரும் காப்பீடு), பழைய வீட்டுக்கடனோடு விற்ற காப்பீடோ இருக்கிறதா என்று பீரோவைக் குடையுங்கள். இருந்து, அதில் பக்கவாதமும் அடங்கினால், பாதிப்பு நிரந்தரம், குறைந்தது மூன்று மாதம் நீடித்திருக்கிறது என்ற மருத்துவச் சான்றோடு மொத்தத் தொகையைக் கோரலாம். ஸ்கேன் படம், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைத்துவிடாதீர்கள்.