நிலைமை சரியில்லாத நேரத்தில் வீட்டுக்கு விலை பேசலாமா? கேள்வி பதில்

வீட்டுக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆட்குறைப்பும் விலைவாசியும் அன்றாடச் செய்தியாகிவிட்ட காலத்தில் வீடு வாங்கத் துணியலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டு விலை இறங்கும் என்கிறார்கள். காத்திருக்கட்டுமா?

இறங்கலாம், ஏறவும் செய்யலாம். அமெரிக்காவில் 2006-இல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2012-க்குள் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது அப்படியே மறுபடி நடக்கும் என்று எண்ணிப் பலர் ஒதுங்கி நின்றார்கள். மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்தன. பல நாடுகளில் வீட்டு விலை ஏறியது. விவரம் தெரிந்தவர்களே தவறிய கணிப்பை நம்பி நீங்களும் நானும் முடிவெடுக்க வேண்டாம்.

நீங்கள் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: காலம் கெட்டால் இந்த வீட்டை விற்றே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வருமா? அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடியில் வீட்டைப் பறிகொடுத்தவர்களில் பலர் வேலை போனவர்கள். இன்னும் பலர், தொடக்கத்தில் குறைவாக இருந்து பிறகு எகிறிய தவணையைக் கட்ட முடியாமல் தவித்தவர்கள். விலை விழுந்திருந்ததால் விற்றும் அவர்களால் கடனை முழுதாக அடைக்க முடியவில்லை. தவணையைத் தவறாமல் கட்டி அங்கேயே குடியிருந்தவர்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் நாட்டின் சராசரி விலை பழைய உச்சத்துக்குத் திரும்ப 2016-இன் இறுதி வரை ஆயிற்று. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் வருமானமும் சேமிப்பும் இருந்தால் விலை பேசுங்கள்.

கைப்பணத்தையும் கவனியுங்கள். விலையில் 10 சதவீதம் மட்டும் போட்டு மீதியைக் கடனாக வாங்கி, மறு ஆண்டே விலை 15 சதவீதம் இறங்கினால், நூறு ரூபாய் வீட்டில் கடன் 90, வீட்டின் மதிப்பு 85. கைப்பணம் 25 சதவீதமாக இருந்தால் அதே சரிவு உங்களைக் கவிழ்த்துவிடாது.

கேள்வி: என் நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. மனைவியும் வேலை பார்க்கிறார். இப்போது கடன் வாங்கலாமா?

இருவர் சம்பளத்தில் குறைவானதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். தவணையும் வீட்டுச் செலவும் அதற்குள் அடங்கினால் தைரியமாகப் போகலாம். அடங்காவிட்டால், வீடு வாங்கிய பிறகும் கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் மிஞ்சும் என்று பாருங்கள். வழக்கமாக ஆறு மாதம் போதும் என்பேன். பேச்சு ஏற்கெனவே எழுந்துவிட்டதால் உங்களுக்கு ஒரு வருடம். இருவரும் ஒரே தொழில்துறையில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் அடி இரண்டு வேலைகளிலும் ஒன்றாக விழலாம்.

ஒத்திகை ஒன்றும் செய்து பாருங்கள். வரப்போகும் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இரண்டாம் மாதமே அதில் கை வைக்க நேர்ந்தால் பதில் தெரிந்துவிடும்.

கேள்வி: வட்டி அதிகம். குறைந்த பிறகு வாங்கினால் லாபம்தானே?

வட்டி குறைந்தால் உங்களைப் போல் காத்திருந்த எல்லோரும் ஒன்றாக வரலாம், விலை ஏறலாம். அதற்காக, 'இப்போது வாங்கிவிட்டுப் பிறகு குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்வேன்' என்ற கணக்கிலும் இறங்காதீர்கள். மாற்றும் நாளில் உங்கள் வேலையும் வீட்டின் மதிப்பும் நிலையாக இருக்க வேண்டும். இன்றைய வட்டியிலேயே கட்ட முடிகிறதா என்பதுதான் அளவுகோல்.

மாறும் வட்டி என்றால் இன்னும் இரண்டு சதவீதம் கூட்டிப் பாருங்கள். 20 ஆண்டுக் கடனுக்கு வட்டி 7 சதவீதத்திலிருந்து 9 ஆனால் தவணை சுமார் 16 சதவீதம் கூடும். நடக்காத காரியமல்ல. 2022 தொடக்கத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, அடுத்த ஆண்டே 5 சதவீதத்தைத் தாண்டியது.

கேள்வி: மூன்று ஆண்டில் வேறு ஊருக்கு மாற்றலாகலாம். வாடகை வீணாகிறதே என்று வாங்க நினைக்கிறேன்.

வேண்டாம். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போகிறது. ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் அசலில் எட்டில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். பதிவுச் செலவு, வரி, தரகு எல்லாம் இதற்கு மேல். வாடகையை வீண் என்று நினைக்காதீர்கள். ஊர் மாறும் சுதந்திரத்தை அது உங்களுக்குத் தருகிறது.

கேள்வி: என்ன விலை சொல்வது? வேறொருவர் வாங்கத் தயாராக இருப்பதாகத் தரகர் அவசரப்படுத்துகிறார்.

விளம்பரங்களில் இருப்பவை விற்பவரின் ஆசைகள். அருகில் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் கைமாறிய விலைகளைத் தேடிப் பிடியுங்கள். வீடு எத்தனை நாளாக விற்பனைக்கு நிற்கிறது, ஏன் விற்கிறார்கள் என்று விசாரியுங்கள். வாங்குபவர்கள் தயங்கும் காலத்தில் பேரத்துக்கு இடம் உண்டு. குறைத்துச் சொன்னால் காரணத்தோடு சொல்லுங்கள்: கூரை ஒழுகுகிறது, பக்கத்து வீடு இந்த விலைக்குத்தான் போனது, இப்படி.

உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பேசப் போங்கள். கடன் கிடைக்காவிட்டால், பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தால், கட்டடச் சோதனையில் பெரிய குறை வந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். போட்டி வந்ததென்று இந்த நிபந்தனைகளை விட்டுக்கொடுத்தவர்கள் பின்னர் கண்கலங்கி நின்றதை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த 'வேறொருவர்' உண்மையாகவே வந்து வாங்கினால் வாங்கட்டும்.

கேள்வி: கைப்பணம் குறைகிறது. அப்பா தன் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தருவதாகச் சொல்கிறார்.

அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். உங்களுக்குச் சம்பாதிக்க இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன, அவருக்கு இல்லை. சிறிய வீடாகப் பாருங்கள், அல்லது இரண்டு ஆண்டு சேர்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: நேற்று விலை சொல்லிவிட்டோம். இரவெல்லாம் தூக்கமில்லை. திரும்பப் பெறலாமா?

நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில் உங்கள் வேலையிலோ, சேமிப்பிலோ, அந்த வீட்டைப் பற்றித் தெரிந்த விவரத்திலோ ஏதாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். கையெழுத்துக்கு முன் விலகுவது எளிது. எதுவும் மாறவில்லை என்றால் கணக்குத் தாளை இருவருமாக உட்கார்ந்து இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். பழைய விடையே வந்தால் விலையைத் திரும்பப் பெறாதீர்கள்.