ஸ்டேட் யுனிவர்சிட்டி நம்ம புள்ளைக்கு சரிவருமா? டெக்சாஸ்ல இருக்கற ஒரு அம்மாவுக்கு எழுதுன பதில்

அக்கா, நேத்து போனை வைக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொன்னீங்க, "இவ்ளோ கஷ்டப்பட்டு படிச்சிட்டு கடைசில ஸ்டேட் யுனிவர்சிட்டிலயா போய் சேரணும்"னு. சொல்லும்போதே உங்க குரல் அடைச்சிடுச்சு. அதுக்கு போன்லயே அவசரமா ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிக்க எனக்கு மனசு வரல, அதான் உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க, முடிஞ்சா வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு படிங்க.

முதல்ல அந்தப் பேரைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். நம்ம ஊர்ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல சீட் கெடச்சுதுன்னா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு சொல்லுவோம், அது கவர்மென்ட் காலேஜ்தானே, அங்க யாரும் "கவர்மென்ட்லயா"ன்னு இழுக்கறதில்ல. இங்க வந்ததும் என்னமோ ஸ்டேட்னாலே ரெண்டாம் தரம்னு நம்ம ஆளுங்க மனசுல ஏறிடுச்சு. பெர்க்லி, மிச்சிகன், ஜார்ஜியா டெக், பர்டூ, உங்க பக்கத்துலயே இருக்கற டெக்சாஸ் யுனிவர்சிட்டி ஆஸ்டின், எல்லாமே ஸ்டேட் கவர்மென்ட்டோட யுனிவர்சிட்டிதான். 1862ல லிங்கன் கையெழுத்து போட்ட மாரில் சட்டம்னு ஒண்ணு, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் நிலம் குடுத்து அதை வித்த காசுல விவசாயமும் மெக்கானிக்கலும் சொல்லித்தர காலேஜ் கட்டுங்கன்னு சொன்ன சட்டம். டெக்சாஸ் ஏ அண்ட் எம்ல அந்த ஏவும் எம்மும் வந்ததே அக்ரிகல்ச்சர், மெக்கானிக்கல்ங்கற அந்த ரெண்டு வார்த்தைலருந்துதான். சாதாரண வீட்டுப் புள்ளைங்களும் படிக்கணும்னு கட்டுன இடம் இது, வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

ஆனா அதுக்காக எல்லா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் உங்க பையனுக்கு சரிவரும்னும் நான் சொல்லமாட்டேன். அம்பதாயிரம் பேர் படிக்கற கேம்பஸுக்கும் அதே பேர்தான், சில ஆயிரம் பேர் மட்டும் படிக்கற சின்ன ஊர் கேம்பஸுக்கும் அதே பேர்தான். அதனால எந்த கேம்பஸ், அதுல எந்த டிபார்ட்மென்ட், போறது எப்படிப்பட்ட புள்ளன்னு மூணையும் சேர்த்து பாத்தாதான் ஏதாவது சொல்ல முடியும்.

டிபார்ட்மென்ட்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இங்கதான் நம்ம வீடுகள்ல அதிகமா அடிபடறாங்க. டெக்சாஸ்ல 1997லருந்து டாப் டென் பர்சன்ட் சட்டம் இருக்குன்னு உங்களுக்கு தெரியும். ஸ்கூல்ல முதல் 10 சதவீதத்துல வந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டில தானா அட்மிஷன். ஆஸ்டினுக்கு மட்டும் கூட்டம் தாங்காம அதை 6 ஆக்கினாங்க, இப்ப 2026 ஃபால் சேர்க்கைலருந்து 5 ஆக்கிட்டாங்க. உங்க பையன் அந்த 5க்குள்ள வந்துடுவான்னு நீங்க சொன்னீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா அக்கா, அது யுனிவர்சிட்டிக்கு உள்ள போற கதவு மட்டும்தான். கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ கேட்டா அதுக்கு தனியா பாப்பாங்க, ரேங்க் இருந்தும் கேட்ட மேஜர் (முக்கியமா எடுத்துப் படிக்கற பாடம்) கெடைக்காம வேற மேஜர்ல உக்கார வச்ச புள்ளைங்களை நான் பாத்திருக்கேன். "மொதல்ல உள்ள போயிடுவோம், அப்புறம் மாத்திக்கலாம்"னு வீட்ல பேசிக்கறாங்க பாருங்க, காலேஜ் அட்மிஷனுக்கு வழி சொல்ற இந்த வேலைல நான் ரொம்ப பயப்படற வார்த்தை இதுதான். ஆஸ்டின் மட்டும் இல்ல, சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டிலயும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரா அட்மிஷன் வாங்காம அப்புறமா உள்ள நுழையறது ரொம்பவே கஷ்டம். பெர்க்லிலயும் 2023லருந்து அந்த மேஜருக்கு நேரடி அட்மிஷன் முறை வந்துடுச்சு. ஏ அண்ட் எம்ல வேற மாதிரி, இன்ஜினியரிங் சேர்றவங்க எல்லாரும் பொதுவா உள்ள போய், முதல் வருஷ மார்க்கை வச்சுதான் எந்த பிராஞ்ச்னு பிரிக்கறாங்க. அதாவது முதல் வருஷம் சறுக்கினா கேட்ட பிராஞ்ச் கைவிட்டுப் போகலாம்.

அதனால ஒவ்வொரு கேம்பஸுக்கும் ஒரு கேள்வி கேட்டு பதிலை மெயில்லயே வாங்கி வச்சிக்கோங்க: என் பையன் கேக்கற மேஜர்ல முதல் நாளே சேர்ப்பீங்களா, இல்லன்னா எந்த கண்டிஷன்ல எப்ப சேர்ப்பீங்க. பதில் வழவழன்னு வந்துச்சுன்னா அதையே ஒரு பதிலா எடுத்துக்கலாம்.

இப்ப பையனைப் பத்தி. இதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன், ஏன்னா மார்க், ரேங்க், எஸ்ஏடி பரீட்சை எல்லாம் நீங்க நேத்து மூச்சு விடாம சொன்னீங்க, அவன் எப்படிப்பட்டவன்னு கேட்டதுக்கு மட்டும் "ரொம்ப அமைதி, யாரையும் தொந்தரவு பண்ணமாட்டான்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில முதல் வருஷ கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் இருநூறு முன்னூறு பேர் உக்கார்ற ஹால்ல நடக்கும். ப்ரொஃபசருக்கு இவன் பேரு தெரியாது, சந்தேகத்தை தீத்து வைக்கறது டிஏன்னு சொல்ற டீச்சிங் அசிஸ்டன்ட், அதுவும் இவன் போய் கேட்டாதான். ஒரு அட்வைசர் தலைல நூத்துக்கணக்கான புள்ளைங்க, அவங்களா கூப்பிட்டு "ஏம்ப்பா மிட்டேர்ம் பரீட்சைல குறைஞ்சிடுச்சு"ன்னு கேக்கமாட்டாங்க. உங்களுக்கும் தெரியவராது, ஃபெர்ப்பான்னு 1974 சட்டம் இருக்கு, காலேஜ் சேர்ந்துட்டா மார்க் விவரம் எல்லாம் புள்ளையோட உரிமை, அவன் சம்மதம் இல்லாம அப்பா அம்மாவுக்கு குடுக்கணும்னு காலேஜுக்கு கட்டாயம் கெடையாது. நம்ம ஸ்கூல் போர்ட்டல்ல தினம் ராத்திரி மார்க் பாத்துட்டு தூங்கற பழக்கம் அன்னிக்கோட முடிஞ்சுது.

எனக்கு ரெண்டு புள்ளைங்க ஞாபகம் வருது. ஒருத்தன் ஸ்கூல்ல முதல் மூணு பேர்ல ஒருத்தன், பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில நல்ல மேஜர்ல சேர்ந்தான், முதல் மிட்டேர்ம்லயே அடி. ப்ரொஃபசரை நேர்ல பாத்து சந்தேகம் கேக்கற ஆஃபீஸ் அவர்ஸ்னு ஒண்ணு இருக்கறது அவனுக்கு தெரியும், ஆனா போய் நின்னா "இது கூட தெரியாதா"ன்னு நினைப்பாங்களேன்னு போகவே இல்ல. அவங்க அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சது பிப்ரவரில, அதுவரைக்கும் வாரா வாரம் "எல்லாம் நல்லா போகுதும்மா"ன்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கான். அந்த புள்ள தனியா எவ்ளோ பயந்திருக்கும்னு இப்ப நினைச்சாலும் எனக்கு நெஞ்சு கனக்குது. இன்னொரு பொண்ணு, மார்க் சுமார்தான், ஆனா வாய் திறந்து கேக்கற பொண்ணு. முதல் செமஸ்டர்லயே ப்ரொஃபசர் ரூம் வாசல்ல போய் நின்னுது, அடுத்த செமஸ்டர்ல அவர் லேப்லயே வேலை, நாலாவது வருஷத்துல அவர் குடுத்த லெட்டரோட மாஸ்டர்ஸ் போச்சு. ரெண்டு பேரும் படிச்சது ஒரே யுனிவர்சிட்டி.

அமைதியா இருக்கறது குறையே இல்ல அக்கா, அமைதியா இருந்துக்கிட்டே போய் கேக்கற புள்ளைங்க எத்தனையோ இருக்காங்க. நீங்க கவனிக்க வேண்டியது வேற. டீச்சர் மார்க் தப்பா போட்டா மெயில் போடறது அவனா, நீங்களா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட் யார் எடுக்கறா? ஒரு பாடம் புரியலன்னா அவன் எத்தனை நாள் கழிச்சு யார்கிட்ட சொல்லுவான்? எல்லாத்துக்கும் பதில் "நான்தான்"னு வந்துச்சுன்னா பயப்படாதீங்க, இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு, இந்த மாசத்துல இருந்தே ஒவ்வொண்ணா அவன் கைல குடுங்க. ரெண்டு மூணு தடவை சொதப்புவான், சொதப்பட்டும், வீட்ல உங்க பக்கத்துல இருக்கும்போதே சொதப்பினா நல்லது.

இதுக்கு நடுவுல ஒரு வழியும் இருக்கு, ஹானர்ஸ் காலேஜ். அரிசோனா ஸ்டேட்ல பேரட், பென் ஸ்டேட்ல ஷ்ரையர் மாதிரி, பெரிய யுனிவர்சிட்டிக்கு உள்ளயே ஒரு சின்ன காலேஜ். வகுப்பு சின்னது, கோர்ஸ் ரெஜிஸ்டர் பண்றதுல முன்னுரிமை கெடைக்கும், அட்வைசருக்கு முகம் தெரியும். உங்க பையன் மாதிரி புள்ளைங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். அதுக்கு பெரும்பாலும் தனி எஸ்ஸே கேப்பாங்க, கடைசி தேதியும் முன்னாடியே வந்துடும், அதை விட்டுட்டு அப்புறம் வருத்தப்படறவங்கதான் நிறைய.

பணத்துக்கு வருவோம். காலேஜ் போர்டு கணக்குப்படி 2024-25ல நாலு வருஷ ஸ்டேட் யுனிவர்சிட்டில உள்ளூர் புள்ளைங்களுக்கு சராசரி ட்யூஷன் 11,610 டாலர், வெளி ஸ்டேட்ல இருந்து போனா 30,780, ப்ரைவேட்ல 43,350. தங்கறது, சாப்பாடு எல்லாம் இதுக்கு மேல. கலிஃபோர்னியால உங்க தங்கச்சி பொண்ணு யூசில (அந்த ஸ்டேட்டோட யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) படிக்குது, அங்கயே அனுப்பலாமான்னு கேட்டீங்கல்ல, தங்கச்சி பொண்ணு கட்டற ட்யூஷனுக்கு மேல உங்க பையனுக்கு வெளி ஸ்டேட்னு தனியா வருஷத்துக்கு 37 ஆயிரம் டாலருக்கு மேல போடுவாங்க. அங்க போய் ஒரு வருஷம் இருந்துட்டா லோக்கல் ஆயிடலாம்னு யாரோ சொன்னதா சொன்னீங்க, படிக்கறதுக்காக மட்டும் போய் தங்கினா அது பெரும்பாலும் நடக்காது, அப்பா அம்மா எங்க குடியிருக்காங்கன்னுதான் பாப்பாங்க. எங்கிட்ட கேட்டா, வெளி ஸ்டேட் பப்ளிக் யுனிவர்சிட்டிக்கு ஸ்காலர்ஷிப் இல்லாம முழு காசு கட்டறதை லிஸ்ட்ல கடைசில வைப்பேன்.

உங்க வீட்டு நிலைமைல இன்னொண்ணு இருக்கு, பையன் ஹெச்-4ல (வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கு குடுக்கற விசா) இருக்கான். அவனுக்கு ஃபாஃப்சாங்கற ஃபெடரல் உதவி விண்ணப்பம் வழியா வர்ற பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை), ஃபெடரல் லோன் எதுவும் கெடையாது. பெரிய பேர் ப்ரைவேட் காலேஜ்லாம் இப்ப நல்லா உதவி பண்றாங்கதான், ஹார்வர்ட்ல 2025-26லருந்து 2 லட்சம் டாலர் வரைக்கும் வருமானம் இருக்கற வீட்டுக்கு ட்யூஷனே இல்ல, ஆனா ப்ரைவேட்ல பல இடத்துல ஹெச்-4 புள்ளைங்களை வெளிநாட்டு மாணவர் கணக்குல வச்சு உதவி குறைவா குடுப்பாங்க, ஒவ்வொரு காலேஜா கேட்டுத்தான் ஆகணும். அதே சமயம் டெக்சாஸ்ல ஒரு வருஷத்துக்கு மேல வேலை வீடுன்னு ஊன்றி இருக்கற வேலை விசா குடும்பத்துக்கு இன்-ஸ்டேட், அதாவது உள்ளூர் ட்யூஷன் ரேட்டுக்கு வழி இருக்கு. உங்களுக்கு கைல இருக்கற பெரிய சலுகை இது, அதைப் போய் "வெறும் ஸ்டேட்"னு தள்ளிடாதீங்க. 21 வயசுல ஹெச்-4 முடிஞ்சிடும், க்ரீன் கார்டு அதுக்குள்ள வரலன்னா அவன் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறணும், பெரும்பாலும் அது மூணாவது நாலாவது வருஷத்துல வரும். அப்ப ரேட் மாறுமான்னு ரெசிடென்சி ஆஃபீஸ்ல இப்பவே எழுத்துல கேளுங்க, வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை. ஹெச்-4ல சம்பளத்தோட இன்டர்ன்ஷிப்பும் பண்ண முடியாது, அதனால சில வீடுகள்ல முன்னாடியே எஃப்-1க்கு மாத்தறாங்க, அதோட கணக்கையும் சேர்த்துப் போடணும்.

நாலு வருஷத்துல முடிப்பானான்னு ஒண்ணு இருக்கு. காலேஜ்காரங்க கிராஜுவேஷன் ரேட்னு பெருசா போடறது பெரும்பாலும் ஆறு வருஷ கணக்கு, கவனமா பாருங்க. காமன் டேட்டா செட்னு காலேஜே வெளியிடற புள்ளிவிவர அறிக்கை இருக்கு, ஒவ்வொரு காலேஜ் பேரோட சேர்த்து தேடினா வரும், அதுல பி பிரிவுல நாலு வருஷத்துல எத்தனை பேர் முடிக்கறாங்கன்னும், ஐ பிரிவுல வகுப்புக்கு எத்தனை பேர்னும் இருக்கும். அஞ்சாவது வருஷம்னு ஒண்ணு வந்தா மிச்சம் பண்ணதெல்லாம் அதுலயே போயிடும். இதுல ஸ்டேட் பக்கம் ஒரு நல்லது, ஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் ஏபி பரீட்சை மார்க்குக்கு க்ரெடிட் தாராளமா குடுப்பாங்க, உங்க பையன் கைல இப்பவே அஞ்சு ஏபி இருக்கு, அது ஒரு செமஸ்டரை மிச்சப்படுத்தினாலும் ஆச்சரியமில்ல.

தமிழ்ச் சங்கத்துல யார் பையன் எங்க சேர்ந்தான்னு பேசறது பொங்கல் வரைக்கும் ஓடும், அப்புறம் அவங்களுக்கே மறந்துடும். நாலு வருஷம் அந்த கேம்பஸ்ல காலைல எழுந்து வகுப்புக்கு போகப்போறது உங்க பையன்.

அடுத்த மாசம் ஸ்கூல் லீவ்ல ஆஸ்டினும், ஏ அண்ட் எம் இருக்கற காலேஜ் ஸ்டேஷன் ஊரும் போய்ட்டு வாங்க. சனிக்கிழமை டூர் வேண்டாம், வகுப்பு நடக்கற நாளா பாத்து போங்க. கேம்பஸ் வாசல்ல அவனை இறக்கி விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது காபி குடிங்க, அவனே டிபார்ட்மென்ட் ஆஃபீஸை தேடி கண்டுபிடிச்சு, அங்க படிக்கற ஒரு புள்ளகிட்டயாவது பேசி, மேஜர் கேள்விக்கு பதில் கேட்டுட்டு வரட்டும். திரும்பி வர்ற வழில கார்ல நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, அவனா என்ன சொல்றான்னு பாருங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணுங்க அக்கா, எவ்ளோ நேரமானாலும் பரவால்ல, ஆனா இந்த தடவை போனை அவன்கிட்ட குடுங்க.